லூயி ரெனோ: கியர்பாக்ஸை மாற்றி உலகை ஓட வைத்தவர், கடைசியில் கைதியாக இறந்தது ஏன்?

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? 2010-ல் அங்கே திறக்கப்பட்ட கார் தொழிற்சாலையில் இருந்துதான் க்விட் போன்ற ரெனால்ட் கார்கள் வெளியே வருகின்றன. நாம் 'ரெனால்ட்' என்று சொல்லும் அந்தப் பெயரை, பிரெஞ்சுக்காரர்கள் 'ரெனோ' என்றுதான் உச்சரிப்பார்கள். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் லூயி ரெனோ.

இன்று நீங்கள் ஓட்டும் காரில் ஒருமுறையாவது டாப் கியர் போட்டு நிம்மதியாகப் போயிருந்தால், அதில் இவருக்கும் பங்கு உண்டு. 21 வயதில், வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் ஒரு பழைய வண்டியைப் பிரித்து, அதற்குத் தானே ஒரு கியர்பாக்ஸ் செய்து மாட்டியவர் அவர். அந்த ஒரு வேலையில் இருந்து ஐரோப்பாவின் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று பிறந்தது. ஆனால், 67 வயதில் அவர் இறந்தபோது தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதான மனிதராக இருந்தார்.

நடுவில் என்ன நடந்தது? கியர், கிளட்ச் விஷயத்தில் அவர் செய்தது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

படிப்பு ஏறாத பணக்கார வீட்டுப் பையன்

1877 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் பிறந்தார் லூயி. அப்பா ஆல்ஃபிரெட், துணி, பட்டன் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். பெர்னாண்ட், மார்செல் என்ற இரண்டு அண்ணன்களும் அந்தத் தொழிலுக்கே போனார்கள். லூயிக்கு மட்டும் கடையும் கணக்கும் ஒத்துவரவில்லை. பள்ளியில் சுமார். நல்ல பொறியியல் கல்லூரியில் சேர எழுதிய தேர்விலும் தோல்வி.

ஆனால், இயந்திரம் என்றால் பையன் சாப்பாட்டையே மறந்துவிடுவான். நீராவிக் கார் செய்து பிரபலமாகியிருந்த லியோன் செர்ப்போலேயின் பட்டறை வாசலில் போய் நிற்பது சிறு வயதிலேயே அவருடைய வழக்கம். குடும்பத்துக்குப் பாரிஸை ஒட்டிய பில்லான்கூர் பகுதியில் ஒரு தோட்ட வீடு இருந்தது. அந்தத் தோட்டத்தின் மூலையில் இருந்த சிறிய ஷெட்தான் லூயியின் உலகம்.

ராணுவ சேவையை முடித்துவிட்டு வந்ததும், 1898-ல் அந்த ஷெட்டில் அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரு தே தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டியைப் பிரித்துப் போட்டார்.

அந்த வண்டியில் என்ன குறை?

அந்தக் காலத்தில் அது நல்ல விற்பனை ஆன வண்டி. ஒரே ஒரு சிலிண்டர் கொண்ட சின்ன எஞ்சின், பின் சக்கரத்தை நேராகப் பல்சக்கரம் மூலம் சுற்றும். கியர் மாற்றும் வசதி கிடையாது. இன்று நமக்குத் தெரிந்த மாதிரி கிளட்சும் கிடையாது. சைக்கிள் மிதிப்பது போல மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மேடு வந்தால் எஞ்சினோடு சேர்ந்து ஓட்டுபவரும் மிதிக்க வேண்டும்!

கார்களில் கியர் இல்லாமல் இல்லை. பனார் லெவசோர் நிறுவனத்தின் எமில் லெவசோர், 1891 வாக்கிலேயே எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் நகரும் பல்சக்கரங்கள் கொண்ட கியர்பாக்ஸ் என்று ஒரு வரிசையை உருவாக்கிவிட்டார். பின் சக்கரத்துக்கு சக்தி போனது சைக்கிள் செயின் மாதிரியான சங்கிலி வழியாக. வேறு பல வண்டிகளில் தோல் பெல்ட்.

இதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, எந்த கியரில் போனாலும் சக்தி பல்சக்கர ஜோடிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் உராய்வில் கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். சத்தமும் அதிகம். இரண்டாவது, செயின் திறந்தவெளியில் ஓடியது. தூசியும் சேறும் படிந்து, தேய்ந்து, சமயத்தில் அறுந்தும் போகும்.

எஞ்சினே ஒன்றே முக்கால் குதிரைசக்தி என்றால், நடுவில் களவு போகும் ஒவ்வொரு துளியும் பெரிய விஷயம்தானே? இன்றைய 100 சிசி பைக்கின் சக்தியில் அது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, அவர் என்ன செய்தார்?

மூன்று சக்கரத்தை நான்கு சக்கரம் ஆக்கினார். எஞ்சினை முன்னால் கொண்டுவந்தார். பெல்ட், செயின் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, நீளமான ஒரு இரும்புத் தண்டு (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்) வழியாகப் பின் ஆக்சிலுக்கு சக்தியைக் கொண்டுபோனார்.

எஞ்சினுக்கும் தண்டுக்கும் நடுவில் அவர் வைத்ததுதான் கதையின் நாயகன். மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ் கொண்ட புது கியர்பாக்ஸ். முதல் இரண்டு கியர்களில் சக்தி வழக்கம்போல பல்சக்கரங்கள் வழியே போகும். ஆனால் மூன்றாவது கியரைப் போட்டதும், உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராக ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். பல்சக்கரங்களுக்கு அப்போது வேலையே இல்லை. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, பின்னால் போகும் தண்டும் அத்தனை சுற்று சுற்றும்.

இதைத்தான் 'டைரக்ட் டிரைவ்' என்கிறார்கள். சக்தி இழப்பு குறைவு, சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு. அம்பாசடர் போல எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரத்தைச் சுற்றிய கார்கள், லாரிகள், பஸ்கள் எல்லாம் பல பத்தாண்டுகள் இந்தக் கொள்கையில்தான் ஓடின.

மெக்கானிக் ஷெட்டின் பழைய பிரச்சினை: கிளட்ச்

கியர்பாக்ஸை மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? பழைய கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கியர்பாக்ஸ் மாற்றிய பிறகு உண்மையான தலைவலி கிளட்சில்தான் ஆரம்பிக்கும்.

கிளட்சின் வேலை இதுதான்: சுற்றிக்கொண்டே இருக்கும் எஞ்சினை, நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு மெதுவாகச் சேர்ப்பது. கியர் மாற்றும்போது சுத்தமாகப் பிரிப்பது. சேரும்போது வழுக்கக் கூடாது, பிரியும்போது ஒட்டக் கூடாது.

அக்காலத்தில் பெரும்பாலும் கூம்பு வடிவ கிளட்ச். ஃப்ளைவீலில் இருக்கும் குழிக்குள், தோல் போர்த்திய ஒரு கூம்பு ஸ்பிரிங் அழுத்தத்தால் போய் உட்காரும். தோல் காய்ந்துவிட்டால் வண்டி குதித்துக்கொண்டு கிளம்பும். எண்ணெய் பட்டுவிட்டால் வழுக்கும். காய்ந்தால் விளக்கெண்ணெய் தடவுவார்கள். வழுக்கினால், நாம் முகத்துக்குப் போடுகிறோமே முல்தானி மட்டி, அந்த மண்ணைத் தூவுவார்கள். எண்ணெயை அது உறிஞ்சிவிடும்.

இன்று தோலுக்குப் பதில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் வந்துவிட்டன. ஆனால் அடிப்படைச் சிக்கல் அதேதான். பழைய காரில் வேறு கியர்பாக்ஸ் ஏற்றும்போது, அதன் ரிலீஸ் ஃபோர்க்கின் நீளமும் பேரிங் நிற்கும் இடமும் கொஞ்சம் மாறிவிடும். பழைய அட்ஜஸ்ட்மென்ட் அதற்குச் சரியாக இருக்காது. எனவே மெக்கானிக்குகள் கவனிக்கும் விஷயங்கள் இவை:

• மாட்டும் முன்பே: கியர்பாக்ஸ் தண்டில் இருக்கும் வரிப்பள்ளங்கள் (ஸ்ப்ளைன்) கிளட்ச் பிளேட்டோடு பொருந்துகிறதா? தண்டின் நுனி போய் உட்காரும் சின்ன பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மறுபடி முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டியிருக்கும்.

• ஃப்ரீ பிளே: கேபிள் அல்லது ராடு வைத்த கிளட்சில், பெடலை விரலால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் லூசாகப் போக வேண்டும். பல பழைய கார்களில் இது சுமார் ஒரு இஞ்ச். உங்கள் காருக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி அந்த அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி டைட் செய்ய வேண்டும்.

• லூசே இல்லாவிட்டால்: பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. மேட்டில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இதுதான் கிளட்ச் ஸ்லிப்.

• லூஸ் அதிகமாகிவிட்டால்: பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் முழுசாகப் பிரியாது. எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கர்ர் என்று சத்தம் வந்தால் கிளட்ச் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

• ஹைட்ராலிக் கிளட்ச் என்றால்: குழாயில் காற்று இருந்தாலும் இதே கர்ர் சத்தம் வரும். அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் காற்றை வெளியேற்ற வேண்டும்.

கடைசி சோதனை எப்போதும் ஒரு மேடுதான். லூயி ரெனோவும் அந்தச் சோதனைக்குத்தான் போனார்.

1898 டிசம்பர் 24: அந்த மேடு

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஏறும் ஒரு தெரு, ரூ லெப்பிக். சுமார் 13 சதவீத சரிவு. அதாவது, 100 மீட்டர் போனால் 13 மீட்டர் உயரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நண்பர்களோடு விருந்தில் இருந்தபோது, தன் வண்டி அந்தத் தெருவில் ஏறிவிடும் என்று பந்தயம் கட்டினார் லூயி.

ஏறிவிட்டது. கூட இருந்தவர்கள் ஆளாளுக்கு வண்டியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றிரவே 12 ஆர்டர்கள் கிடைத்ததாக ரெனோ நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது.

ஷெட்டில் ஒரே ஒரு வண்டி செய்த பையனுக்கு, திடீரென்று 12 வண்டி செய்ய வேண்டிய கட்டாயம். இன்றைய ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னால், புரோட்டோடைப் காட்டி ஃபண்டிங் வாங்கியாச்சு. இனி டெலிவரி பண்ணணும்!

1899 பிப்ரவரியில் டைரக்ட் டிரைவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதே மாதம் 'ரெனோ சகோதரர்கள்' நிறுவனம் உருவானது. முதலீடு அண்ணன்கள் மார்செல், பெர்னாண்டுடையது. கண்டுபிடித்த லூயி முதலில் பங்குதாரர்கூட இல்லை, சம்பளக்காரர்தான். தம்பியின் பைத்தியம் எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்ற வியாபாரிகளின் எச்சரிக்கை அது.

அந்த வடிவமைப்பை மற்ற நிறுவனங்களும் நகலெடுக்கத் தொடங்கின. லூயி நீதிமன்றம் போனார், ராயல்டி வசூலித்தார்.

அண்ணனைப் பறித்த பந்தயம்

அந்நாளில் காருக்கு விளம்பரம் என்றால் ரேஸ்தான். லூயியும் மார்செலும் தாங்களே ஓட்டினார்கள். 1902-ல் நடந்த பாரிஸ்-வியன்னா பந்தயத்தில், தங்களைவிடப் பெரிய எஞ்சின் வைத்த கார்களை முந்தி மார்செல் ஜெயித்தார். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் சின்ன, லேசான கார் ஜெயித்தது உலகம் முழுக்கப் பேச்சானது.

அடுத்த ஆண்டு, 1903 மே 24. பாரிஸ்-மாட்ரிட் பந்தயம். மண் சாலை, கண்ணை மறைக்கும் தூசி, சாலையோரம் தடுப்பே இல்லாமல் நிற்கும் மக்கள். முன்னால் போன காரை முந்த முயன்ற மார்செலின் வண்டி, கூவே-வேராக் என்ற ஊருக்கு அருகே கவிழ்ந்தது. போர்டோ நகரை வேகமாக வந்தடைந்தவர்களில் ஒருவரான லூயிக்கு அங்கேதான் செய்தி கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து மார்செல் இறந்தார். வயது 31. பந்தயத்தில் பங்கேற்றவர்கள், பார்வையாளர்கள் என வேறு சிலரும் அந்தப் பந்தயத்தில் பலியானார்கள். அரசு பந்தயத்தை போர்டோவிலேயே நிறுத்திவிட்டது. லூயி அதன்பின் ஒருபோதும் ரேஸ் ஓட்டவில்லை.

ஆறு ஆண்டுகளில் மூத்த அண்ணன் பெர்னாண்டும் நோயால் இறந்தார். 1909-ல், 32 வயதில், முழு நிறுவனமும் லூயியின் கையில். எச்சரிக்கை சொல்லவும் கணக்குக் கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை.

டாக்ஸி, டாங்க், தொழிற்சாலை

அதற்குள் ரெனோ வண்டிகள் பாரிஸ் தெருக்களை நிரப்பியிருந்தன. 1905-ல் ஒரு டாக்ஸி நிறுவனம் 250 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது பெரிய திருப்பம். அந்த டாக்ஸிகள்தான் 1914 செப்டம்பரில் வரலாற்றில் இடம்பிடித்தன. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, சில நூறு டாக்ஸிகள் ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வீரர்களை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்குப் போயின.

போரின் கடைசி ஆண்டுகளில் ரெனோ செய்த எஃப்டி டாங்க், முழுவதும் சுழலும் பீரங்கி மேடையைக் கொண்டிருந்தது. ஓட்டுநர் முன்னால், பீரங்கி நடுவில், எஞ்சின் பின்னால் என்ற அந்த அமைப்பைத்தான் பிறகு வந்த டாங்குகள் பெரும்பாலும் பின்பற்றின. போர் முடிந்தபோது லூயி ரெனோ ஒரு தேசிய நாயகர்.

தொழிலாளர்களிடம் அவருக்கு வேறு பெயர். 1911-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தவர், திரும்பி வந்து ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரம் வைத்து நேரம் அளக்கும் முறையை விரிவாக்கினார். 1913-ல் இதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. 1936-ல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள்.

1929-ல் சீன் நதியின் நடுவில் இருந்த செகேன் தீவு முழுவதையும் ஆலையாக்கினார். தயக்கமாகப் பேசுபவர், கூட்டம் பிடிக்காதவர், சட்டென்று கோபம் வரும். எந்த மெஷினையும் கையால் தொட்டுப் புரிந்துகொள்வார். மனிதர்களிடம் அந்தப் பொறுமை இல்லை என்பார்கள் விமர்சகர்கள்.

அவரைச் சாய்த்த முடிவு

1940 ஜூனில் ஜெர்மனி பிரான்சைக் கைப்பற்றியபோது, டாங்க் தயாரிப்பு விஷயமாக அமெரிக்காவில் இருந்தார் லூயி. அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார்.

ஆலை ஜெர்மன் கண்காணிப்புக்குள் போனது. ஆயிரக்கணக்கான லாரிகள் ஜெர்மன் ராணுவத்துக்குப் போயின. இதனால் 1942 மார்ச் 3 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பில்லான்கூர் ஆலை மீது குண்டு வீசின. சுற்றியிருந்த குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் இறந்தார்கள். லூயி ஆலையைத் திரும்பக் கட்டினார்.

ஏன் ஒத்துழைத்தார்? இங்கேதான் இன்றுவரை இரண்டு தரப்பு.

இயந்திரங்களையும் தொழிலாளர்களையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காகவே ஆலையை ஓட்டினார், வேறு வழி இருக்கவில்லை என்பது குடும்பத்தின் வாதம். வேறு சிலர் மறைமுகமாக எதிர்த்தபோது, தன் ஆலை ஓடினால் போதும் என்று இருந்துவிட்டார் என்பது மறு தரப்பு. அவருடைய உடல்நிலை அப்போது மோசமாகி, பேச்சே தடுமாறிக்கொண்டிருந்தது என்பதையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பாரிஸ் விடுதலையான பின், 1944 செப்டம்பரில் அவர் கைது செய்யப்பட்டு ஃப்ரேன் சிறையில் அடைக்கப்பட்டார். விசாரணை நடப்பதற்கு முன்பே, அக்டோபர் 24 அன்று ஒரு மருத்துவமனையில் இறந்தார். சிறையில் அவர் தாக்கப்பட்டதாகக் குடும்பம் குற்றம்சாட்டியது. அது நிரூபிக்கப்படவில்லை.

1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசு நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த பியர் லெஃபோஷோ அதன் தலைவரானார். அரைநூற்றாண்டு கழித்து, 1996-ல் மறுபடி தனியார்மயம். 2011-ல் பேரப்பிள்ளைகள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அடுத்த ஆண்டு பாரிஸ் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

என்ன மிஞ்சியது?

விசாரணையே நடக்காததால், லூயி ரெனோ குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நிரபராதி என்றும் சொல்லவில்லை. பெயர் மட்டும் காரில் நிலைத்துவிட்டது.

செகேன் தீவு ஆலை 1992-ல் மூடப்பட்டது. டைரக்ட் டிரைவ் காப்புரிமை எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. ஆனால், பழைய பத்மினியையோ அம்பாசடரையோ ஷெட்டில் நிறுத்தி, கியர்பாக்ஸை ஏற்றி, பெடலில் எத்தனை இஞ்ச் லூஸ் என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கும் ஒருவர் நம் ஊரிலும் எங்காவது இருப்பார். கடைசியில் அவரும் பக்கத்தில் எந்த மேடு இருக்கிறது என்றுதான் தேடுவார். பில்லான்கூர் ஷெட்டில் இருந்த 21 வயது பையன் செய்ததும் அதுதான்.